வழித்துணையாகச் சுரண்டியவன்

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள்... போதும். இது நம் கிளெனின் அத்தை லோர்னாவுக்கு நடந்தது.

கனடாவின் சஸ்காட்செவனில் ஜனவரி மாதம். மாலை ஆறு மணிக்கே கும்மிருட்டு. இருபுறமும் பனி மூடிய வெற்று வயல்கள், நடுவே ஒற்றைச் சாலை. அதில் லோர்னாவின் பழைய கார். அவளுக்கு வலப்பக்க இருக்கையில் கணவர் ஆர்வில், மார்பைப் பிடித்தபடி. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். அவள் காத்திருக்கவில்லை.

அவசரத்தில், அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பைச் செய்தாள். முன்கண்ணாடியின் உறைபனி முழுவதையும் சுரண்டாமல், தன் முகத்துக்கு நேரே ஒரு தட்டளவு மட்டும் சுரண்டிவிட்டுக் கிளம்பினாள். மிச்சத்தை ஹீட்டர் உருக்கிவிடும் என்று நம்பிக்கை.

பாதி வழியில் ஹீட்டர் செத்தது.

உள்ளே இருவரின் மூச்சும் கண்ணாடியில் உறைந்தது. வெளியே பறந்த பனி ஒட்டிக்கொண்டது. தட்டு சுருங்கி... உள்ளங்கையளவு... பிறகு சட்டைப் பொத்தானளவு.

"மூச்சை மெதுவா விடுய்யா, கண்ணாடி மூடுது," என்றாள், அழுகையை மறைத்துக்கொண்டு.

"அவசரப்படாத கிழவி. கொஞ்ச நேரத்துல மூச்சு அதுவா நின்னுடும்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

காரை நிறுத்தி இறங்கினாள். கர்க்... கர்க்... கையிலிருந்த பனிசுரண்டும் தகடு படக்கென்று உடைந்தது. நகத்தால் கீறினாள். விரல்கள் மரத்தன. "கர்த்தரே, இந்த ரோட்டுல வச்சு அவரை எடுத்துக்காதீங்க..."

கர்க்... கர்க்...

சத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

காதுவரை இழுத்த தொப்பியோடு ஒருவன் குனிந்து, ஆர்விலுக்கு நேரே இருந்த கண்ணாடியை வெறுங்கையால் சுரண்டிக்கொண்டிருந்தான். நனைந்த கம்பளி வாடை, டீசல் வாடை. பக்கத்தில் வேறு வண்டி இல்லை. லோர்னாவின் வாயிலிருந்து ஆவி புகையாய் எழுந்தது. அவன் வாயிலிருந்து... ஒன்றும் எழவில்லை.

அவள் அதைப் பார்த்தாள். விட்டுவிட்டு ஓட்டியிருக்கலாம். ஆனால் குளிர்காலச் சாலையில் யாரையும் விட்டுப் போவதில்லை என்பது அங்கே வழக்கம். உதவிய கையை நடுவழியில் விட்டுவிட்டு, கடவுளிடம் எந்த முகத்தோடு உதவி கேட்பது?

பின்கதவைத் திறந்தாள். "ஏறிக்கோ தம்பி. விறைச்சுப் போயிடுவே."

இருக்கை கிறீச்சென்றது.

ஹீட்டர் செத்தேதான் கிடந்தது. ஆனாலும் கண்ணாடி மூடவில்லை. வழி நெடுக கர்க்... கர்க்... வைப்பர்தான் உரசுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மருத்துவமனையில் ஆர்விலை ஓடிவந்து தூக்கிப் போனார்கள். பின்சீட்டில் யாருமில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் கண் விழித்ததும் கேட்டார்: "அந்தப் பையன் எங்க?"

"எந்தப் பையன்?" என்றாள் பக்கத்திலிருந்த நர்ஸ்.

"பின்னாலேர்ந்து எட்டி, உள்பக்கமாச் சுரண்டிட்டே வந்தானே. கன்னத்தோட கன்னம் ஒட்டிக்கிட்டு... பாவம், என்னமாக் குளிர்ந்து கிடந்தான்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே அவர் முகத்துக்கு மருந்து தடவினாள். "தாத்தா கார் ஜன்னல்ல சாஞ்சு தூங்கிட்டாரு போல. கன்னம் குளிர்ல தீப்பட்ட மாதிரி வெந்திருக்கு."

லோர்னா அந்தக் கன்னத்தையே பார்த்தாள். காரில் ஜன்னல் ஆர்விலுக்கு வலப்பக்கம் இருந்தது.

வெந்திருந்தது இடக் கன்னம்.