ஒன்றரை இஞ்ச் அகலம்

கிங்ஸ்டன்: பைய… பைய வாரும். அங்கன நிப்பாட்டும். இந்த வலது தோள் இன்னைக்குச் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு. ஸ்பானரத் தூக்குனா எலும்புக்குள்ள ஊசி எறங்குது.

கனி: மெக்கானிக்குக்கே தோள் போச்சுன்னா வண்டிய எவன் தொடுதது? பாளையங்கோட்டையில கிங்ஸ்டன விட்டா ஆள் இல்லன்னு சொன்னாவ.

கிங்ஸ்டன்: ரெண்டு வருசமா இப்பிடித்தான் அண்ணாச்சி. வேல நிக்காது. வண்டிக்கு என்ன செய்யுது?

ஆபிதா: வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி. என் வீட்டுக்காரவுகளுக்குத்தான்.

கனி: நீ சும்மா இரு ஆபிதா.

ஆபிதா: சும்மாத்தான இருக்கேன். சவூதியில பாத்தேன்னு பிக்கப்ப முக்கா முழம் தூக்கி வச்சாக. நான் ஏறணும்னா முக்காலி போடணும். காயல்பட்டினமே சிரிச்சுது. இப்போ அகலமும் வேணுமாம்.

கனி: ஸ்பேசர் போடணும் தம்பி. நாலு சக்கரத்துக்கும். ஒன்றரை இஞ்ச்.

கிங்ஸ்டன்: சக்கரத்துக்கும் அத மாட்டுத ஹப்புக்கும் நடுவுல ஒரு அலுமினிய வளையம். சக்கரம் வெளிய தள்ளி நிக்கும். அழகுக்கா கேக்கீரு?

கனி: இந்த வயசுல என்னத்த அழகு. உசந்த வண்டி, ஆடுது. கால அகட்டி நின்னா விழாதுல்லா.

கிங்ஸ்டன்: அகட்டியே நின்னா இடுப்பு கடுக்கும்லா. பேரிங் தேயும். போல்ட்டு எப்பம் அறும்னு சொல்ல முடியாது. ஒரு நாள் சக்கரம் தனியா உமக்கு முன்னால போவும்.

ஆபிதா: போவட்டும். ஓடிப்போயி பிடிச்சுக்கிடுவாக.

கனி: நல்ல சாமானாப் பாத்துப் போடும். மாசத்துக்கு ஒருக்கா நானே முறுக்கிக்கிடுதேன்.

கிங்ஸ்டன்: உம்ம மாதிரி ஓட்டுத ஆளுக்கு ரோட்டுல இது ஆடாதே. எங்கன ஆடுச்சு?

ஆபிதா: தண்ணியில. மார்கழி வெள்ளத்துல.

கனி: ஆபிதா…

ஆபிதா: சொன்னா என்ன? ஏரல் பக்கம் என் தங்கச்சி அஸீலாவக் கூட்டப் போனோம் தம்பி. தெருவே முங்கிக் கெடக்கு. கண்ணுல பட்டவுக எல்லாரையும் பின்னால ஏத்திட்டாக. ஒரு பொட்டப்பிள்ள என் மடியில.

கனி: அப்பிடித் தண்ணிய நான் கடல்லயும் பாத்ததில்ல. சத்தமே இல்ல தம்பி. வாழைத்தோப்பு ஒண்ணு, குலையும் கொப்புமா, நின்னபடியே தெருவக் கடந்து போவுது. நான் வண்டிய ஒதுக்கி வழிவிட்டேன், ஊர்வலத்துக்கு விடுத மாதிரி.

கிங்ஸ்டன்: ஆள ஏத்திக்கிட்டு வரும்போது ஆடுச்சா?

கனி: இல்ல. கல்லு மாதிரி வந்துச்சு.

கிங்ஸ்டன்: திரும்பிப் போகையில?

கனி: …திரும்பிப் போனேன்னு யாரு சொன்னா?

கிங்ஸ்டன்: கேக்கேன்.

கனி: போனேன். மாடியில ஒரு ஆளு பாக்கி. வண்டியில எடம் இல்லன்னு அவரா நின்னுக்கிட்டாரு. வாரேன்னு சொல்லிருந்தேன், மழையில மொகங்கூடச் சரியாத் தெரியல. தெரு மொனையில பின்பக்கம் லேசா மெதந்துருச்சு. அகலம் மட்டும் இருந்திருந்தா…

கிங்ஸ்டன்: அகலம் என்ன செய்யும்? ஆள் கனம் இருந்துச்சு, வண்டி தரையப் பிடிச்சுது. திரும்பிப் போனது காலி வண்டி. டயருக்குள்ள காத்து. தண்ணி தூக்கத்தான் செய்யும். ஒரு முழம் தள்ளி வச்சாலும் தூக்கும்.

ஆபிதா: நானும் அதத்தான் சொல்லுதேன். அந்த ஆளே இடுப்புச் சாரத்த அவுத்து, போ போன்னு ஆட்டுனாராம். இவுக என்ன செய்வாக?

கிங்ஸ்டன்: அண்ணாச்சி உங்ககிட்ட அப்பிடியா சொன்னாரு.

ஆபிதா: ஆமா. மழ பேஞ்சாப் போதும், வண்டிய எடுத்துட்டுப் போயி அந்த வீட்டு முன்னால நிப்பாக. எறங்க மாட்டாக. இப்போ அங்கன வேற யாரோ குடியிருக்காக.

கனி: அந்த ஆளு உசுரோட இருக்காரான்னு கேக்க நாக்கு எழும்பல.

கிங்ஸ்டன்: நீரு மொனையில நிக்கும்போது ஒரு வைக்கப்படப்பு மெதந்து வந்துச்சே. மேல ஒரு ஆடு. அம்புட்டுத் தண்ணிக்கு நடுவுல, வைக்கோலத் தின்னுக்கிட்டே போச்சு.

கனி: ஆமா, அந்த எழவு ஆடு… தல நிமிந்து ஒருக்காக்கூடப் பாக்கல. நான் அதையே பாத்துக்கிட்டு… இரும். அந்த ஆட்ட நீரு எங்கன பாத்தீரு? அங்கன நானும், மாடியில நின்னவரும்தான்…

கிங்ஸ்டன்: மறுநாள் புன்னக்காயல் ஆளுக வள்ளம் கொண்டு வார வரைக்கும் தண்ணித்தொட்டிக் குழாயப் பிடிச்சுக்கிட்டு நின்ன தோள் இது.

ஆபிதா: யா அல்லாஹ்… அப்போ அந்த மாடியில இருந்து எறக்கி என் மடியில வச்ச பிள்ள?

கிங்ஸ்டன்: ரீபா. என் மவ. பள்ளிக்கூடம் போயிருக்கா. அந்த வீட்டக் காலி பண்ணிட்டு இங்கன வந்துட்டோம். வண்டி உள்ள நுழையும்போதே தெரிஞ்சுட்டு. இந்த உசரத்துல வேற எவன் வச்சிருக்கான்?

கனி: தம்பி… நீரு சாரத்த ஆட்டுனதப் பாத்துத்தான் நான்…

கிங்ஸ்டன்: இல்ல அண்ணாச்சி. மொதல்ல உம்ம வண்டி பின்னால போச்சு. ரிவர்ஸ் லைட்டு தண்ணியில வெள்ளையா விழுந்துச்சு. அதப் பாத்த பெறகுதான் சாரத்த அவுத்தேன், போறவரு சங்கடப்படாமப் போவட்டும்னு. ஸ்பேசர் நான் போட மாட்டேன். என் பிள்ளையக் கரை சேத்தீரு, இல்லங்கல. ஆனா வாரேன்னு சொல்லிட்டுப் போன ஒரு நடை இருக்கே… அது இன்னும் உம்ம பாக்கிதான்.