மைனஸ் மூணு யானை

வைய்யுங்ணா, நல்லா வைய்யுங்க, ஆனா உக்காந்துட்டு வைய்யுங்க. அந்த வெடிப் பைய மட்டும் சித்தத் தள்ளி வெச்சிருங்க, அடுப்பு எரியுது. காப்பி போடறேன். விடிஞ்சும் விடியாம ஊரையே வெடியும் கையுமாப் பாக்குத் தோப்புக்கு ஓட உட்டது நாந்தான், ஒத்துக்கறேன். அங்க யானையுமில்ல பூனையுமில்ல, அதையும் ஒத்துக்கறேன். உங்காளுக இன்னும் தேடீட்டு இருக்கறாங்களா? தேடட்டும், ஒடம்புக்கு நல்லதுதான்.

பிரத்யுஷான்னு வாய் நெறையப் பேரு வெச்சுட்டு இதென்ன பொழப்புன்னா, பொழப்பே இதுதானுங்ணா. யானை வந்தாச் சொல்றதுக்கு எங்க கம்பெனி நம்மூருக்கு ஒரு ஆப் செய்யுதல்லோ. அதுல மூணு கட்டம். எங்க, எத்தனை, அப்பறம் குறிப்புன்னு ஒண்ணு. அடிச்சு அனுப்புனா பால் சொசைட்டி மேல இருக்கற மைக்கு அப்பிடியே படிச்சுரும். அந்தக் கட்டத்துல கண்டதையும் அடிச்சுப் பாக்கறது என்ற வேலை. குடிகாரன் அடிச்சாத் தாங்குமா, கிறுக்கன் அடிச்சாத் தாங்குமா, ஒண்ணுமே அடிக்காம அமுக்குனா என்னாகும். நெசமாத்தான், இதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. எங்கப்பனே நம்பறதில்ல.

நேத்து நடந்தது சுத்தமா என்ற தப்புங்க. அடிச்சுப் பாக்கறதுக்குன்னு தனியா ஒண்ணு இருக்குது, ஊருக்குன்னு தனியா ஒண்ணு இருக்குது. மத்தியானத் தூக்கத்துல மாத்தி, ஊருதுல அடிச்சுப்போட்டேன். மைக்கும் கூச்சமே இல்லாம படிச்சுருச்சு. யானை, மைனஸ் மூணு. எடம், கருப்பாத்தா ஊட்டுப் பொடக்காணி. குறிப்பு, யானை கண்ணாடி போட்டுட்டு மாப்பளையாட்ட நிக்குது. தலைக்குத் தண்ணி ஊத்தீட்டு இருந்த கருப்பாத்தாக்கா சோப்பு நொரையோட தடத்துக்கு வந்துட்டாங்களாமா. அடுத்தது அரை யானை. முன்னால பாதியா பின்னால பாதியான்னு சொசைட்டில பந்தயமே கட்டுனீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க மேனேஜரு ரவிதேஜா போன்ல அப்பிடிக் கத்துனாரு. இன்னொருக்கா ஊருக்குப் போச்சுன்னா ஆபீசுப் பக்கமே வராதேன்னு சொல்லிப்போட்டாரு.

அதாங்ணா, அத்தனை ஆயும் இன்னிக்கும் அதே தப்பான்னு நீங்க கேக்கறது நாயந்தான். இருங்க, பால் பொங்குது. உங்களுக்குச் சக்கரை ஆகாதல்லோ, கொஞ்சூண்டு போடறேன், அக்காகிட்டச் சொல்ல மாட்டேன்.

அது நாயிங்க. எங்க நாய் காத்தடிச்சாலே கொரைக்கும். கொசு வருதுன்னுதான் சன்னலச் சாத்தறேன். வெக்கையா இருந்தா ஃபேனப் போடறேன், சன்னல் வேண்டாம்.

ஏனுங்ணா, உங்க கெணத்துக்கு வேலி போட்டாச்சுங்களா? இல்ல, போன மாசம் அந்த யானைக்குட்டி உழுந்ததுலிருந்து கேக்கோணும்னே இருந்தேன். பாவம், வெடிச் சத்தத்துக்கு ஆத்தாள உட்டுட்டு ஓடியாந்துச்சு, கெணறு இருக்கறது அதுக்கென்ன தெரியும். ஜேசிபி வந்து சேர்றதுக்குள்ள அடங்கிப்போச்சு. உங்களக் குத்தஞ் சொல்லலீங்ணா. ஒரு ஏக்கரா வாழை போனா யாருக்குத்தான் வயிறு எரியாது. அன்னிக்கு நீங்களுஞ் சோறு திங்கலைன்னு அக்கா சொன்னாங்க.

இன்னொரு டம்ளரு குடிங்க. அட, குடிச்சுப்போட்டு வைய்யுங்க.

நான் ஒண்ணு கேக்கறேன். நேத்து மைக்கு அத்தன கத்தியும் ஒருத்தரும் நகரல, பந்தயந்தான் கட்டுனீங்க. இன்னிக்கு மட்டும் எப்பிடி நம்பி ஓடுனீங்க? ரெண்டு வருசமாப் பொய்யா அடிக்கறவளுக்கு, நெசமாப் பயந்தவன் எப்பிடி அடிப்பான்னு தெரியாதுங்களா. எத்தனைங்கற எடத்துல நம்பரு போட மாட்டான். ஆத்தாளுங் குட்டியும்னு போடுவான். குறிப்புல கண்ணாடி கிண்ணாடியெல்லாம் வராது. அட வெசையா வாங்கய்யா, வெடி எடுத்துட்டு வாங்கய்யான்னு கெடக்கும். எங்கியோ கேட்டாப்பல இருக்குதா? நீங்க போன மாசம் அனுப்புனதுங்ணா. அதையப் பாத்துத்தான் அடிச்சேன்.

ஆமாங்க, பாத்துத்தான். கை தவறலீங்க. நேத்துதுதான் தப்பு. இன்னிக்கு ஊருதுதானான்னு ரெண்டுவாட்டி பாத்துட்டுத்தான் அமுக்குனேன்.

நாய் நின்னுருச்சு, கேட்டீங்களா.

சரி, இனிச் சன்னலத் தொறந்துக்கலாம். அங்கல்லீங்ணா, இங்கால, எங்க வாழைக்காட்டப் பாருங்க. ஒரு மரமாச்சும் நிக்குதா? அப்பா உடுமலையில இருந்து வரட்டும், அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அதுக்கும் மேக்கால, காட்டோரத்துல யானை வராம வெட்டுன அகழியப் பாருங்க, கரை சரிஞ்சு கெடக்குதல்லோ. இன்னிக்கு வந்த இந்தக் குட்டிக்கு அது ஏறத் தெரியலீங்க. ஏறும், சறுக்கும், மறுக்கா ஏறும். ஆத்தா கரைய ஒதைச்சு ஒதைச்சுத் தடம் பண்ணீட்டு இருந்துச்சு. அந்நேரத்துக்கு நீங்க பையோட வந்திருந்தீங்கன்னா, மறுக்கா ஒரு கெணறுதானுங்ணா.

நான் அடிச்சதுல ஆத்தாளுங் குட்டியும்ங்கறது நெசந்தான். எடம் மட்டுந்தான் பொய்யி.

போன் அடிக்குது பாருங்க, ரவிதேஜாவாத்தான் இருக்கும். அடிக்கட்டும் உடுங்க, இனி அவருகிட்டப் பேச என்ன இருக்குது. நீங்க காப்பியக் குடிங்க, ஆறுது.