கையில் குத்திய பச்சை

அரியலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கன்னம் வீங்கியிருந்த இளையவர் மாத்திரையைப் பிரித்தபடி சொன்னார்.

"புருசன் பேரக்கூட குத்திக்கலக்கா. ஆகாத மருந்து பேரத்தான் பச்ச குத்தியிருக்கேன்."

அவர் கையில் 'பெனிசிலின்' என்று இருந்தது.

"ஏன்டி?"

"அந்த ஊசி போட்டு மூச்சே நின்னுபோச்சு."

"இந்த மாத்திரை குடுத்தவருகிட்ட கையக் காட்டுனியா?"

"பக்கத்து வூட்டுல மிச்சம் இருந்துச்சுக்கா. இது வேற, அமாக்சிசிலினாம்."

"அடிப்பாவி, ரெண்டும் பங்காளிடி! ஒண்ணு ஆகலேன்னா இன்னொன்னயும் தொடக்கூடாது. எங்க வூட்டுக்காரருக்கு டாக்டரு எழுதியே குடுத்திருக்காரு."

இளையவர் மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டருகிட்ட கேட்டு பங்காளி பேரெல்லாம் குத்திக்கிறேங்க்கா. புருசன் பேருக்குத்தான் எடமில்ல."