தவளைக்கு மூன்று அறை

எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஞாபகமும் குறைந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை. மற்றவள் அவளுடைய அண்ணி.

“தவளைக்கு நெஞ்சுல மூணு ரூமுதானாம் அண்ணி. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துதான் ஓடுமாம். இவனுக்கு நடுச்செவுத்துல ஓட்டை, அதே மாதிரி கலக்குதுன்னாரு டாக்டரு. தவள நல்லாத்தான குதிச்சிகினு கீது?”

“அதுக்காவ இவன கொளத்துல உட்ருவியா? தவள தோலாலயும் மூச்சு வாங்கும்டி. இவன் அழுதா ஒதடு நீலமாவுது. இன்னிக்கே ஆஸ்பத்திரில வந்து சேருன்னு டாக்டரு சொன்னாருல்ல?”

“ஆறு வாரம் எலுமிச்சம்பழம் குடுக்கறேன்னு அம்மனுக்கு வேண்டிகினேன். பாதிதான் ஆயிருக்கு. நடுவுல உட்டா இவனுக்கு எதுனா ஆயிடுமோன்னு பயமா கீது.”

அண்ணி பழம் இருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“மீதி வாரம் நான் போறேன். அம்மன் கேட்டா நான் பேசிக்கறேன். நீ எறங்கு.”

அடுத்த நிறுத்தத்தில் தாய் குழந்தையோடு இறங்கி, எதிர்ப்பக்கம் போகும் பேருந்துக்காகச் சாலையைக் கடந்தாள்.

தவளையைப் பற்றி நான் சரியாகக் கேட்டேனா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.