சிறகு காயும் வரை

சாரல் நேரத்தில் என் மருந்துக்கடையில் கூட்டம் அதிகம், சார். மலைக்குப் போக ஞாயிற்றுக்கிழமைதான் தோதுப்படும்.

குற்றாலத்துக்கு மேலே ஓடைக்கரை மரமொன்றில் போன வருடம் சில புழுக்களைப் பார்த்தேன். பச்சை உடம்பு, முதுகில் நீல முட்கள். எந்த அந்துப்பூச்சியின் புழு என்று யாருக்கும் தெரியவில்லை. பூச்சி வெளியே வந்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள் நிபுணர்கள். வீட்டில் வைத்து வளர்த்தேன். இலை தின்றன, தோல் உரித்தன, கூடு கட்டின, உள்ளேயே செத்துப்போயின.

இந்த வருடம் அந்த மரத்திலேயே ஒரு கூடு இருந்தது. படமெடுக்கக் கிங்ஸ்லியைக் கூட்டிப்போனேன். தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். நான் கூப்பிட்டால் கல்யாண வேலையைக்கூட விட்டுவிட்டு வருவான்.

அன்று காலை கூட்டின் நுனி நனைந்திருந்தது. பூச்சி வரப்போகிறது என்று அர்த்தம். கிங்ஸ்லி கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தான். பாறையில் பாசி. நான் தள்ளவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

வழுக்கி ஓடைக்குள் விழுந்ததில் அவன் கால் ஒடிந்துவிட்டது. மேலே மழை போலிருக்கிறது, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, பையில கயிறு கெடக்குல்லா? மரத்துல கட்டிப் போடுங்க."

கயிறு இருந்தது. கட்டுவதற்கு அங்கே அந்த ஒரு மரம்தான். பூச்சி அப்போதுதான் வெளியே வந்து கிளையில் தொங்கியது. சிறகு ஈரத்துணி போலச் சுருங்கிக் கிடந்தது. அது விரிந்து காய்வதற்குள் கயிறு இழுபட்டுக் கிளை அசைந்து பூச்சி விழுந்தால், சிறகு அப்படியே முடங்கிப்போகும். பிறகு என்ன இனமென்று எப்படிச் சொல்வது?

"கொஞ்சம் பொறுலே," என்றேன்.

"தண்ணி நெஞ்சுக்கு வருது அண்ணாச்சி. என்ன செய்யுதிய?"

படமெடுத்துக்கொண்டிருந்தேன். அவன் கேமராதான். சிறகு துரு நிறத்தில் விரிந்தது, நடுவில் கண்ணாடி போல ஒரு வட்டம். கிங்ஸ்லி அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. ரூபி, ரூபி என்றான். ரூபி அவன் மனைவி. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

சிறகு நன்றாகக் காய்ந்ததும் கயிற்றைக் கட்டி இறக்கினேன். பிடிக்க ஆளில்லை.

கேமரா உங்களிடம்தானே இருக்கிறது, படங்களைப் பாருங்கள். கொஞ்ச நேரம்தான் கேட்டேன், சார். அதைக்கூடக் கிங்ஸ்லியால் எனக்குத் தர முடியவில்லை.