பாறைக்கு இடது பக்கம்

படகில் போடும் காபி எப்போதும் சுமாராகத்தான் இருக்கும், ஐயா. ஆனாலும் அந்த விரிகுடாவில் வைத்துக் குடிக்கும்போது யாரும் குறை சொன்னதில்லை. அங்கே சாலை கிடையாது, கைபேசி எடுக்காது. மூன்று பக்கமும் காடு. படகு வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் வருஷம் தவறாமல் ஒரு சனி, ஞாயிறை அங்கே கழிப்போம். அந்த இடத்தைக் கண்டுபிடித்தவன் நான். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும் எனக்கு அங்கே மட்டும் கேப்டன் என்று பெயர். அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த முறை என் தங்கையும் மாப்பிள்ளையும் புதிதாக வாங்கிய படகில் என் பின்னாலேயே வந்தார்கள். மாப்பிள்ளை லாரி மெக்கானிக். தங்கமான மனுஷர். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் எங்கள் கூட்டத்தில் ஒருவரான பல் டாக்டரின் படகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது என் படகின் நங்கூரம் பிடிப்பு விட்டு, படகு மெல்ல நகர்ந்து வந்து டாக்டர் படகின் கைப்பிடிக் கம்பியை வளைத்துவிட்டது. நான் தட்டைக் கீழே வைப்பதற்குள் மாப்பிள்ளை என் படகுக்குத் தாவி, அதைத் தள்ளிக் கொண்டுபோய், நங்கூரத்தைச் சரியாகப் போட்டுவிட்டார். திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மச்சான் படகுக்கும் பசி போல. கூப்பிடாமலே சாப்பிட வந்துடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவளுக்கு சைக்கிள் பழக்கியவன் நான். மற்றவர்கள் சிரித்தது பெரிதாகத் தெரியவில்லை. அவள் சிரித்ததுதான் சுருக்கென்று தைத்தது. அதற்கப்புறம் யாரும் என்னைக் கேப்டன் என்று கூப்பிடவில்லை. மறந்திருப்பார்கள்.

மறுநாள் காலை நல்ல மூடுபனி. தங்கைக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி இருந்ததால் அவர்கள் முன்னதாகவே கிளம்பினார்கள். விரிகுடாவின் வாயில், தண்ணீருக்கடியில் ஒரு பாறை இருக்கிறது. உள்ளே வரும்போது அதற்கு இடது பக்கமாக வர வேண்டும். வெளியே போகும்போது வலது பக்கம். மாப்பிள்ளை என் படகை ஒட்டி நிறுத்தினார்.

"மச்சான், வெளிய போறப்ப அந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் விடணும்? வரும்போது உங்க பின்னாடியே வந்துட்டேன், கவனிக்கல."

"இடது பக்கம்," என்றேன்.

அவர் உள்ளே வரும் வழியைக் கேட்டதாக நினைத்துக்கொண்டேன் என்று உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் முதலில் எழுதிக் கொடுத்திருந்தேன். அது பொய். அவர் தெளிவாகத்தான் கேட்டார். படகில் ஒரு கீறல் விழட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். தரைதட்டி நிற்பார், நான் போய் இழுத்துவிடுவேன், அந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் படகு ரேடியோவில் கூப்பிட்டார். "மச்சான், பாறைல ஏறிடுச்சு. தண்ணி உள்ள வருது. சீக்கிரம் வாங்க."

அவர் குரலில் பதற்றம் இருந்தது. அது எனக்கு இதமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் தவிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து வந்தது தங்கையின் குரல். "அண்ணா, ஓட்டைய அடைக்கக் கீழ போனாரு. பேட்டரிப் பெட்டி சரிஞ்சு கால்ல விழுந்துடுச்சு. என்னால தூக்க முடியலண்ணா. கேக்குதா?"

மைக்கைக் கையில் எடுத்துவிட்டேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் நான் பேசினால், ஏன் இடது பக்கம் என்று சொன்னாய் என்று கேட்பாளே. அதற்கு ஒரு பதில் வேண்டுமல்லவா. யோசித்தேன். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் யோசிக்க முடியவில்லை. அதனால் சத்தத்தைக் குறைத்தேன். பதில் கிடைத்ததும் கூட்டிவிடலாம் என்றுதான்.

பல் டாக்டரும் அவர் மனைவியும் மற்றவர்களோடு காட்டுக்குள் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். "போறவங்க ஏதாவது கூப்பிட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லையே," என்றேன்.

பனி விலகிய பிறகுதான் டாக்டர் தூரத்தில் பாறைமேல் ஆரஞ்சு நிறத்தில் எதையோ பார்த்தார். மிதவைச் சட்டையோடு தங்கை. படகு தண்ணீருக்குள் போயிருந்தது. மாப்பிள்ளை அதற்குள்ளேயே இருந்தார். அவளைத் தூக்கி என் படகில் போட்டதும் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ரேடியோ நனைஞ்சு செத்துப்போச்சுண்ணா. உனக்குக் கேட்டிருந்தா நீ பறந்து வந்திருப்பே."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

நீங்கள் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் இன்று வந்தேன். அவள் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறாள். தண்டனை எதுவானாலும் கொடுங்கள். ஆனால் அவளிடம் மட்டும் ரேடியோ கெட்டுப்போனதாகவே இருக்கட்டும், ஐயா. எனக்காகக் கேட்கவில்லை. பாவம், அவளுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.