கொழுந்தனாருக்கு வெந்நீர்

வெந்நீர் போடுவதைப் பலரும் சாதாரண வேலையாக நினைக்கிறார்கள். அதனால்தான் ஐயா, உங்களைப் போன்ற தீயணைப்புக்காரர்களுக்கு ஓய்வே இல்லை. என் வீட்டில் அப்படியில்லை. அண்டாவில் கழுத்தளவு தண்ணீர் நிரப்பாமல் நான் தீக்குச்சியைத் தொடமாட்டேன். மூடியை இறுக்க மாட்டேன். ஆவி போக வழி வேண்டும். அடுப்பு இருக்கும் இடத்தில் ஜன்னல் மழையிலும் திறந்தே இருக்கும். வர்ணம் பூசிய மரத்தை எரிக்கமாட்டேன், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. ஈர விறகும் கூடாது. நடந்ததெல்லாம் இந்தக் கடைசி விதியால்தான்.

கணவரின் தம்பி இரண்டு நாள் தங்கிவிட்டுப் போக வந்தார். அது போன மழைக்காலம். மாடி அறையைக் கொடுத்தோம். வேலை தேடுவதாகச் சொன்னார். வேலையே மாடியேறி வரும் என்று நினைத்தார் போலும். கீழே வருவது சாப்பிடவும் குளிக்கவும்தான். ஒருமுறை குளித்தால் முக்கால் அண்டா காலி.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் கொதிச்சா தேவலை."

"தோல் உரிஞ்சிடும் தம்பி. முதல்ல பச்சைத் தண்ணி ஊத்திட்டு அப்புறம் கலந்துக்கோங்க."

அவர் மேல் ஒரு கொப்புளம் வர நான் விட்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பிறகு கணவர் குளிப்பார். என் முறை வரும்போது அண்டாவில் சூட்டின் ஞாபகம் மட்டும் இருக்கும். குறையாகச் சொல்லவில்லை.

இந்த மழையில் விறகுக்கடைக்காரர் அனுப்பியது பிழிந்தால் சொட்டும் போலிருந்தது. புகையில் வீடே இருமியது. அப்போதுதான் மாடிப்படியில் ஒரு பலகை ஆடுவதைக் கவனித்தேன். ஆடும் படி ஆபத்து. கழற்றினேன். பழைய தேக்கு; ஈரமில்லை, வர்ணமில்லை. என்னமாய் எரிந்தது தெரியுமா.

"என்னண்ணி, ஒரு படியைக் காணோம்?"

"உங்க வெந்நீர்தான் தம்பி அது."

"அதான் இன்னைக்குச் சூடு பிரமாதம்."

அனுமதியில்லாமல் செய்ததாக யாரும் சொல்ல முடியாது. ஒன்று போனால் அடுத்ததும் ஆடத்தானே செய்யும்? ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தேன். அவர் தாவப் பழகினார். தொப்பைகூடக் கொஞ்சம் இறங்கியது. கைப்பிடியை நான் தொடவேயில்லை. அது வர்ணம் பூசியது.

கணவர் ஒருநாள் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கி, "மாடிப்படில ஏதோ வேலை நடக்குதா?" என்றார்.

"நடக்குதுங்க."

பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

முந்தாநாள் மதியம் கொழுந்தனார் குளித்துச் சாப்பிட்டுத் தாவி ஏறிப் படுத்தார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். குறட்டையைக் கேட்டபடி கீழே நின்று மிச்சப் படிகளைப் பார்த்தேன். மனதில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. குளிர்தான் இருந்தது. மாடியில் கழிப்பறை இருக்கிறது என்பதையும் யோசித்தேன். பிறகு சுத்தியலுக்குத் துணி சுற்றினேன், தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாதே. ஆணிகளை ஒன்று விடாமல் டப்பாவில் போட்டேன், யார் காலிலும் குத்தக் கூடாது.

அண்டா நிறையத் தண்ணீர். விளாவி, முதல் செம்பைத் தோளில் ஊற்றினேன். அப்போது மேலிருந்து குரல்.

"அண்ணி! படியே இல்லையே!"

"குளிச்சிட்டிருக்கேன் தம்பி."

இரண்டாவது செம்பை மொண்டேன். எப்படி இறங்குவது என்று கேட்பார் என நினைத்தேன். கேட்டிருந்தால் ஏதாவது செய்திருப்பேனோ என்னவோ.

"எனக்குத் தண்ணி மிச்சம் இருக்குமா?"

இருந்தது. நிறையவே இருந்தது. செம்பு செம்பாக, அவசரமில்லாமல், எல்லாவற்றையும் என் தலையிலேயே ஊற்றிக்கொண்டேன்.

அதுவரை எரித்ததெல்லாம் அவருக்காக. கடைசிப் படிகள் எனக்காக. ஒப்புக்கொள்கிறேன்.

பட்டினி போடவில்லை. வாளியில் கயிறு கட்டி வேளாவேளைக்குச் சாப்பாடு போகிறது. ரசம் ஆறிவிட்டது என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார். இன்று காலை கணவர், "இவன் ஏன் கீழயே வரல?" என்று அண்ணாந்து பார்த்த பிறகுதான் உங்களுக்குத் தகவல் வந்தது.

அவரை இறக்குங்கள், நான் தடுக்கவில்லை. உங்கள் ஏணி மூங்கிலா? அப்படியென்றால் பயமில்லாமல் இங்கேயே சாத்திவைக்கலாம். மூங்கிலை நான் அடுப்பில் வைப்பதில்லை. கணு வெடிக்கும், ஆபத்து.